குர்பானித் தோல்

பெரியமேடு, சென்னை
12 மே 2024

அன்புத் தங்கை இரமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாலைந்து நாளாக உனக்குப் போன் செய்கிறேன். ஒரே ஒரு தடவை மணி அடித்ததும் அறுந்துபோகிறது. டவர் சரியில்லை போலும் என்று மொட்டை மாடியில் எல்லாம் ஏறி நின்று பார்த்தேன். தானிஷ் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "டவரெல்லாம் நல்லாத்தான் இருக்குது அத்தா. உங்க தங்கச்சிதான் உங்கள பிளாக் பண்ணிட்டாங்க" என்று சொல்லிச் சிரிக்கிறான். பெற்ற பிள்ளை முன்னால் எனக்கு இந்த மரியாதை. சரி, தபால்காரரை உன்னால் பிளாக் செய்ய முடியாதல்லவா?

நான் சொல்ல வந்ததைப் போனில் பாதியிலேயே வெட்டிவிட்டாய். முழுதாக எழுதுகிறேன். இந்தப் பக்ரீதுக்குக் குர்பானி ஆட்டுத் தோல் வாங்காதே. அத்தா அந்த அனாதை இல்லத்தை ஆரம்பித்த நாளிலிருந்து அதுதான் வழக்கம் என்பதும், அந்தத் தோலை விற்றுத்தான் உன் அனாதைப் பிள்ளைகள் வருஷம் முழுக்கச் சாப்பிடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாதா? வருஷாவருஷம் அதை ஏற்றிக்கொண்டு வந்து விற்றுக் கொடுத்தவன் நான்தானே. ஆனால் இப்போது வாங்க ஆள் இல்லை. போன வருஷத் தோலே மண்டிகளில் அடுக்கியபடி கிடக்கிறது. ஷூ கம்பெனிக்காரன் ரெக்சின் வைத்துத் தைக்கிறான், துணி வைத்துத் தைக்கிறான், தோல் என்றால் முகத்தைச் சுளிக்கிறான். வெளிநாட்டில் யாரோ ஆட்டின் மேல் இரக்கப்பட்டு பிளாஸ்டிக் செருப்புக்கு மாறிவிட்டார்களாம். அந்த இரக்கத்தால் ஓர் ஆடாவது பிழைத்ததா? ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கூட்டம் குறைந்ததா? ஆடு எப்போதும் போலச் சாகிறது. தோல் மட்டும் குப்பைக்குப் போகிறது.

"அத்தா உயிரோட இருந்திருந்தா உங்களச் செருப்பால அடிச்சிருப்பாரு" என்றாய். அடித்திருப்பார்தான். ஆனால் அதற்கு ஒரு தோல் செருப்பு வேண்டுமே, இன்றைக்கு ஆம்பூரில் யார் காலில் கிடக்கிறது?

கோபப்படாதே. தோல் கொடுக்க வருகிறவர்களிடம் அதற்குப் பதிலாக அரிசி, பருப்பு என்று ஏதாவது கேள். இல்லத்துக் கமிட்டிச் செயலாளர் தன்சீல் அகமதுவிடமும் இதையே சொல்லியிருக்கிறேன். பதில் போடு, இல்லாவிட்டால் பிளாக்கை எடு.

துஆவுடன்,
உமர் ஃபாரூக்

*

ஆம்பூர்
20 மே 2024

அண்ணனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். பிளாக்கை எடுக்க மாட்டேன். போனில் நான் ஒரு வார்த்தை முடிப்பதற்குள் நீங்கள் ஒன்பது பேசிவிடுகிறீர்கள். காகிதத்தில் நான் முடிக்கும்வரை நீங்கள் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். இது எனக்குப் பிடித்திருக்கிறது.

நீங்கள் தன்சீல் பாயிடம் ஓதியது நன்றாக வேலை செய்துவிட்டது. தோலை நம்ப முடியாது என்று ஃபாரூக் பாயே சொல்லிவிட்டார் என்று கமிட்டிக் கூட்டத்தில் ஆரம்பித்தார். இந்தப் பக்ரீதும் கைவிட்டால் காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் இல்லத்தை மூடிவிடலாம், பிள்ளைகளை அவரவர் சொந்தக்காரர்களிடம் அனுப்பிவிடலாம் என்று முடித்தார். சொந்தக்காரர்கள் ஒழுங்காக இருந்தால் அந்தப் பிள்ளைகள் ஏன் என்னிடம் வருகிறார்கள்?

தோலுக்குப் பதில் அரிசி கேள் என்கிறீர்கள். உங்களுக்கு மார்க்கம் தெரியும். குர்பானி கொடுத்தவர் தோலை விற்றுத் தன் செலவுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. அறுத்தவருக்குக் கூலியாகவும் கொடுக்கக் கூடாது. அதனால்தான் அது எங்கள் வாசலுக்கு வருகிறது. கையில் காசே பார்க்காத பெண்கூட வருஷத்தில் ஒருநாள் அனாதைப் பிள்ளைகளுக்கு நானும் கொடுத்தேன் என்று தலைநிமிர்ந்து போகிறாள். அவளிடம் போய், தோல் வேண்டாம், அரிசி கொடு என்று கேட்க எனக்கு நாக்கு வராது. ஒடுகத்தூர்ச் சந்தையில் ஆடு விற்கிறவரில் தொடங்கி, அறுக்கிறவர், உப்புப் போடுகிறவர், டேனரியில் பதப்படுத்துகிறவர், ஷூ தைக்கும் பெண்கள் வரை இந்தப் பாலாற்றங்கரையே ஆட்டையும் மாட்டையும் வைத்துத்தான் சாப்பிடுகிறது. அந்தப் பந்தியில் கடைசி இலை என் பிள்ளைகளுடையது. அதையும் எடுத்துவிடு என்கிறீர்கள்.

அஃப்ஷாவை உங்களுக்கு நினைவிருக்கும். ஆலங்காயத்துப் பிள்ளை. அவள் அத்தா டேனரித் தொட்டியில் விழுந்து மவுத்தானார், அம்மா வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். இந்த வருஷம் பன்னிரண்டாவது. கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். லீவுக்கு ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டு ஆடு ஒன்று வயிறு உப்பி விழுந்து கிடந்ததாம். இவள் கடலை எண்ணெய் புகட்டி, விலாவைத் தேய்த்து, எழுப்பி நிற்க வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அவளுடைய சித்தப்பா ரஷீத் அஹமது, இல்லம் எப்போது மூடும் என்று காத்திருக்கிறார். பதினெட்டு முடிந்ததும் தன் மைத்துனனுக்கு அவளைக் கட்டிவைக்க வேண்டுமாம். "பொட்டப்புள்ள ஆட்டுக்கு ஊசி போட்டு இன்னா ஆவப்போவுது?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டவர் அவர். மார்ச் மாதப் பரீட்சை வரை அவள் என்னிடம் இருந்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு அவள் வாங்கும் மார்க் அவளைப் பார்த்துக்கொள்ளும்.

நாங்கள் தோல் வாங்கத்தான் போகிறோம். எப்போதும் போல உப்பும் லாரியும் அனுப்புங்கள்.

இரம்

*

பெரியமேடு
3 ஜூன் 2024

என் பிடிவாதக்காரத் தங்கைக்கு,

உன்னோடு வாதாடி ஜெயித்தவர் நம் வீட்டில் யாரும் இல்லை. மாப்பிள்ளை, அல்லாஹ் அவருக்குச் சொர்க்கத்தைக் கொடுக்கட்டும், கல்யாணம் ஆன முதல் வாரத்திலேயே தோல்வியை ஒப்புக்கொண்டார். நான் மட்டும் எம்மாத்திரம்?

உப்பு மூட்டைகள் பக்ரீதுக்கு முந்தின நாள் வந்து இறங்கும். ராணிப்பேட்டையில் தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் பழுப்பாக இருக்கும், கண்டுகொள்ளாதே. மறுநாளே பாண்டியன் என்பவர் லாரியோடு வந்து தோலை ஏற்றிக்கொள்வார். அவரும் இங்கே மண்டி வைத்திருப்பவர்தான்.

தோலைத் தண்ணீரில் கழுவாதே. பெண்கள் கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் அலசிவிடுகிறீர்கள், அதற்காகச் சொல்கிறேன். வந்த சூட்டோடு சதைப்பக்கம் மேலே இருக்கும்படி விரித்து உப்பைத் தேய்க்க வேண்டும். குவித்து வைத்தால் வெந்துவிடும். இந்த வெயிலில் மதியத்துக்கு மேல் தாமதித்தால் முடி கையோடு வந்துவிடும். சின்னப் பிள்ளைகளை உப்பில் கை வைக்க விடாதே.

நானே வந்திருப்பேன். மண்டியில் வேலை ஜாஸ்தி, நகர முடியவில்லை. அஃப்ஷா டாக்டர் ஆனதும் முதல் நோயாளியாக நான் வருகிறேன் என்று சொல். ஆட்டை விட எனக்கு வயிற்று உப்புசம் அதிகம்.

உன் அண்ணன்

*

ஆம்பூர்
4 ஜூலை 2024

அண்ணனுக்கு,

பக்ரீத் முடிந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. லாரி வரவில்லை.

போன வருஷத்தை விட இந்த வருஷம் தோல் அதிகம் வந்தது. மற்ற இடங்களில் எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அங்கே போக வேண்டியதும் எங்கள் வாசலுக்கே வந்தது. தொழுகை முடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை ஆட்டோவில், ஸ்கூட்டரில், தோளில் போட்டுக்கொண்டு என்று வந்தபடியே இருந்தார்கள். ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற சுகரா பேகம் சீட்டுக் கட்டி ஓர் ஆடு வாங்கியிருந்தாள். அதன் தோலைப் புது வாளியில் வைத்து, வெள்ளைத் துணி போட்டு மூடி, சீர் கொண்டு வருவது போலக் கொண்டு வந்தாள். அதை வாங்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அண்ணன் சொன்னதைக் கேட்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

நீங்கள் எழுதியபடியே செய்தோம். கழுவவில்லை, குவிக்கவில்லை. சமையல் செய்கிற ராஜம்மாளும் நானும் பெரிய பிள்ளைகளும் உட்கார்ந்து தேய்த்தோம். விரலெல்லாம் வெடித்துவிட்டது. இரண்டாவது மூட்டையைப் பிரித்தபோது அஃப்ஷா ஒரு பிடி உப்பைக் கொண்டு வந்து என்னிடம் காட்டினாள். "ஆபா, இதுல முடி கெடக்குது" என்றாள். ஆட்டு முடி. ஏற்கெனவே யாருடைய தோலுக்கோ போட்டு, தட்டி உதிர்த்த உப்பை எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அந்த உப்பை மறுபடி போட்டால் தோல் சிவந்து அழுகும் என்று அத்தா சாப்பாட்டில் உட்காரும்போதெல்லாம் சொல்வாரே, உங்களுக்கு மறந்துவிட்டதா? தெரிந்தேதான் போட்டேன். பக்ரீத் அன்று எந்தக் கடையில் போய் நிற்பேன்? மறுநாள் லாரி வந்துவிடும், அண்ணன் மண்டியில் நல்ல உப்பு மாற்றிவிடுவார் என்று நம்பினேன்.

இப்போது அடுக்கின் நடுவிலிருந்து சிவப்புப் படர்கிறது. நாற்றத்தில் பிள்ளைகள் சாப்பாட்டைத் தொடுவதில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். "ரோட்ல போறவன்லாம் மூக்கப் புடிச்சிக்கினு போறான். ஒங்க அண்ணனுக்கு இன்னாம்மா ஆச்சு?" என்று ராஜம்மாள் கேட்கிறாள். நானும் அதைத்தான் கேட்கிறேன்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நீங்கள் அனுப்பிய உப்பை நான் கப்ருக்குப் போகும்வரை மறக்க மாட்டேன்.

இரம்

*

பெரியமேடு
10 ஜூலை 2024

இரம்,

லாரி ரிப்பேர் ஆகிவிட்டதாகப் பாண்டியன் சொல்கிறார். இந்த வாரம் எப்படியும் அனுப்புவார். அதுவரை தோலை நிழலில் பிரித்துப் போட்டு, கடை உப்பு கொஞ்சம் வாங்கித் தூவு. மண்டியில் தலைக்கு மேல் வேலை, இல்லாவிட்டால் ஓடி வந்திருப்பேன். உப்பு விஷயம் நேரில் பேசலாம்.

அஃப்ஷாவைப் படிப்பை விடாமல் பார்க்கச் சொல்.

ஃபாரூக்

*

ஆம்பூர்
30 ஜூலை 2024

அண்ணனுக்கு,

போன செவ்வாய்க்கிழமை பெரியமேட்டுக்கு வந்திருந்தேன்.

மாதிரிக்கு ஒரு தோலை மடித்து, பிளாஸ்டிக் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றி எடுத்துக்கொண்டு ரயிலில் ஏறினேன். அரக்கோணம் தாண்டுவதற்குள் என் பக்கத்து சீட் காலியாகிவிட்டது. ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவருகில் போய் நின்றுகொண்டாள். என் அண்ணனுக்குப் பெரிய மண்டி இருக்கிறது, அவர் ஒரு வார்த்தை சொன்னால் யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அத்தாவின் மண்டி இருந்த இடத்தில் ரெக்சின் கடை இருக்கிறது. சிவப்பு, கறுப்பு, பச்சை என்று சுருள் சுருளாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வாசலில் நின்றவரிடம் உமர் ஃபாரூக் எங்கே என்று கேட்டேன். "ஃபாரூக் பாயா? இங்கதான் ரோல் அளந்துக்கினு இருந்தாரு. உங்க கொரல் கேட்டதும் பின்னால போய்ட்டாரு" என்றார். அவர் கள்ளம் இல்லாதவர், உள்ளதைச் சொல்லிவிட்டார். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். நீங்கள் வரவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று அவர்தான் கேட்டார்.

மண்டி இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் உங்களை நம்பி உட்கார்ந்திருக்க மாட்டேன். உங்களுக்கு மானம் பெரிதாகப் போய்விட்டது. நான் அந்தத் தோலோடு அடுத்த ரயிலில் திரும்பி வந்தேன்.

சனிக்கிழமை எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே குழி வெட்டிப் புதைத்துவிட்டோம். சுகரா பேகம் கொடுத்ததும் அதில்தான் போயிற்று. தன்சீல் பாய் கைவிரித்துவிட்டார். செப்டம்பர் கடைசியில் இல்லத்தை மூடுகிறார்கள்.

உங்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் இந்த ஜென்மத்தில் தீராது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அஃப்ஷாவை மார்ச் வரை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கென்று வீடு இல்லை, இல்லத்தை மூடினால் நானே யாரிடமாவது போய் ஒண்ட வேண்டியவள்தான். மற்ற பிள்ளைகள் சிறியவர்கள், எங்கே போனாலும் ஏதோ ஒரு பள்ளியில் சேர்ந்துவிடுவார்கள். இவளுக்கு இந்த வருஷம் போனால் எல்லாமே போய்விடும். சித்தப்பா கையில் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது.

இரம்

*

பெரியமேடு
9 ஆகஸ்ட் 2024

தங்கை இரமுக்கு,

உன் குரல் கேட்டதும் கையிலிருந்த அளவுக்கோலைப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடியவன் நான்தான். டீக்கடைக்குப் பக்கத்தில் நின்று நீ பையோடு திரும்பிப் போவதைப் பார்த்தேன். ஜனவரியிலேயே மண்டியைக் கைமாற்றிவிட்டேன். வாங்கினவர் ரெக்சின் வியாபாரி, அவரே எனக்கு வேலையும் கொடுத்தார். தோல் வியாபாரத்தைக் கொன்ற சாமானை நானே அளந்து வெட்டிக் கொடுக்கிறேன். வருகிறவர்கள், "பாய், பார்த்தா அசல் தோல் மாதிரியே இருக்குதே" என்று கேட்டால் ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.

உப்பு இனாமாகக் கிடைத்தது. நல்ல உப்பு வாங்க என்னிடம் வழியில்லை. லாரி சீக்கிரம் வந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். பாண்டியன் வருகிறேன் என்றுதான் சொன்னார், தோலுக்கு ஆள் கிடைக்காததால் கடைசியில் பின்வாங்கிவிட்டார்.

அஃப்ஷா விஷயம். யோசித்து யோசித்துத்தான் எழுதுகிறேன். புளியந்தோப்பில் எங்கள் வீடு இரண்டு அறை. தானிஷ் வயசுப் பையன். சொந்தம் இல்லாத பெண்ணை அவன் இருக்கும் வீட்டில் கொண்டுவந்து வைத்தால் ஜமாஅத்தில் என்ன பேசுவார்கள் என்று உன் அண்ணி அழுகிறாள். அவள் சொல்வதும் தப்பில்லை. நாளைக்கு அந்தப் பெண் மேல் ஒரு சொல் விழுந்தால் யார் துடைப்பது? வெறுங்கை முழம் போடுமா, இரம்? வேறு யாராவது நல்ல குடும்பமாகப் பார். நானும் இங்கே விசாரிக்கிறேன்.

என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் போடு.

ஃபாரூக்

*

புளியந்தோப்பு, சென்னை
27 செப்டம்பர் 2024

இரம்,

அஃப்ஷாவை அனுப்பிவிடு. உடனே அனுப்பு.

நீ பதில் போடாமல் இருந்ததே எனக்குப் போதும். ஒன்றரை மாதமாகச் சோறு இறங்கவில்லை. நேற்று உன் அண்ணியிடம் உட்கார்ந்து பேசினேன். அத்தாவின் இல்லத்துப் பிள்ளை ஒன்றுக்குக்கூட நம் வீட்டில் இடம் இல்லை என்றால் நான் குர்பானி கொடுத்து என்ன, தொழுது என்ன என்று கேட்டேன். கடைசியில் அவளே தானிஷைக் கூப்பிட்டு, நண்பர்களோடு திருவல்லிக்கேணியில் தங்கிக்கொள்ளச் சொன்னாள். அவனும் முகம் கோணாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியையைப் பார்த்தேன். பன்னிரண்டாவதில் நடுவில் சேர்ப்பது கஷ்டம், ஆனால் கல்வி அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிடலாம், நானே கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அண்ணியின் போனிலிருந்து உன்னை அழைத்தோம். சுவிட்ச் ஆஃப் என்றே வருகிறது. நேரில் வர எனக்கு முகம் இல்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் அவளை ரயில் ஏற்றிவிடு, பெரம்பூர் ஸ்டேஷனில் நானும் அண்ணியும் நிற்போம்.

ஃபாரூக்

*

வேலூர்
22 அக்டோபர் 2024

அண்ணா,

நீங்கள் கடிதம் எழுதிய மறுநாள் அஃப்ஷாவை அனுப்பிவிட்டேன்.

அந்த வாரம் மளிகைக்கடைக்காரரும் பிள்ளைகளின் உறவுக்காரர்களும் மாறி மாறி அழைத்துக்கொண்டே இருந்ததால் போனை அணைத்து வைத்திருந்தேன். ரஷீத் அஹமது ஆட்டோவோடு வந்தார். அஃப்ஷா அழவில்லை. உயிரியல் புத்தகத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள், பெட்டியில் போடு என்றாலும் கேட்கவில்லை. நான்தான் கையெழுத்துப் போட்டு அவளை அவரிடம் ஒப்படைத்தேன்.

அதற்கப்புறம் மற்ற பிள்ளைகளும் போனார்கள். நான் இங்கே ஒரு நர்சரிப் பள்ளியில் சேர்ந்திருக்கிறேன், ஓர் அறை எடுத்துக்கொண்டு இருக்கிறேன். நேற்று இல்லத்துக்குப் பாத்திரங்களை எடுக்கப் போனபோதுதான் உங்கள் கடிதத்தைப் பார்த்தேன். தபால்காரர் கேட் கம்பி வழியாக உள்ளே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். மழையில் ஊறி, காய்ந்து, தரையோடு ஒட்டிக்கிடந்தது. அங்கேயே உட்கார்ந்து படித்தேன். ராஜம்மாள்தான் தேடிக்கொண்டு வந்து எழுப்பினாள்.

மூன்று மணி நேர ரயில் தூரம் அண்ணா. அன்று சாயங்காலம் ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறியிருந்தால் இஷா தொழுகை நேரத்துக்கு என் வாசலில் நின்றிருப்பீர்கள். முகம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முகத்தை யார் கேட்டார்கள்? நானும் யோக்கியமில்லை. பிளாக்கை எடுத்திருந்தால், போனைத் திறந்து வைத்திருந்தால், ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். காகிதம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது என்று வீறாப்பாக எழுதினேன். நம் இருவரின் ரோஷத்துக்கும் நடுவில் அந்தப் பிள்ளை போய்விட்டது.

பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனால் அழைக்காதீர்கள். பேசினால் கத்திவிடுவேன். ஆலங்காயத்துக்குப் போய் ஏதாவது செய்ய முடியுமா என்று பாருங்கள்.

இரம்

*

புளியந்தோப்பு
18 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

இந்த முறை ரயில் ஏறினேன். உன் அண்ணியையும் அழைத்துக்கொண்டு ஆலங்காயம் போனேன்.

ரஷீத் அஹமது உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி, என் மகள் போலப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க நல்லவங்கதான் பாய். ஆனா ஹோமுல வுட்டேன், நீங்க நடத்த முடியாம அனுப்பிட்டீங்க. மறுபடி உங்கள நம்பி எப்டி அனுப்பறது?" என்றார். இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

அஃப்ஷாவைப் பார்க்க முடியவில்லை. வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாளாம், ஒட்டும் பிரிவில். அங்கேயும் தோல் இல்லையாம், ரெக்சின்தானாம். நான் வெட்டிக் கொடுத்த சுருளாகவும் இருக்கலாம். தை பிறந்தால் பதினெட்டு முடிகிறது, நிகாஹுக்கு நாள் பார்த்துவிட்டார்கள். சட்டப்படி யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

நான் உனக்கு என்ன ஆறுதல் சொல்வது? எனக்கே ஒன்றும் மிச்சமில்லை.

ஃபாரூக்

*

வேலூர்
10 ஜூன் 2025

அண்ணா,

பக்ரீத் எப்படிப் போயிற்று என்று கேட்டு எழுதியிருந்தீர்கள்.

தொழுகை முடிந்ததும் ஆம்பூருக்குப் போனேன். பழக்கத்தில் யாராவது தோலைக் கொண்டு வருவார்கள், வீணாக நிற்கக் கூடாது, சொல்லி அனுப்ப ஓர் ஆள் வேண்டும் என்றுதான் போனேன். இல்லத்தை யாரோ அட்டைப்பெட்டிக் குடோனுக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். நினைத்தது போலவே வந்தார்கள். இல்லம் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சுகரா பேகம் நம்பாமல் கேட்டின் வழியாக எட்டிப் பார்த்தாள். அப்புறம் வாளியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக் குப்பைத்தொட்டி வரை போனாள். போட மனசு வராமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். வருஷமெல்லாம் சீட்டுக் கட்டியவள் வேறு என்ன செய்வாள்? விற்கவும் கூடாது, வைத்துக்கொள்ளவும் வழியில்லை, கொடுக்கவும் ஆள் இல்லை.

கிளம்பலாம் என்று இருந்தபோது அஃப்ஷா வந்தாள்.

எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. இளைத்துவிட்டாள். கல்யாணமாகி ஆம்பூருக்கே வந்திருக்கிறாளாம், புகுந்த வீட்டில் இந்த வருஷம் குர்பானி கொடுத்தார்களாம். மாமியாரிடம் கெஞ்சித் தோலைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். பரீட்சை எழுத விடவில்லை. புத்தகம் இன்னும் இருக்கிறது, பழைய துணிக்குள் வைத்திருக்கிறேன் என்றாள். தோலைப் பார்த்தேன். சுத்தமான புது உப்பு, ஓரம்கூட விடாமல் தேய்த்திருந்தாள்.

இல்லம் மூடிவிட்டது உனக்குத் தெரியாதா, யாருக்கு இதைக் கொண்டு வந்தாய் என்று கேட்டேன். என்னை அதிசயமாகப் பார்த்தாள்.

"நீங்கதான ஆபா சொன்னீங்க, அடுத்த பக்ரீதுக்குத் தோலு வந்துட்டா ஹோமத் தொறந்துடுவேன்னு. அதான் எடுத்துக்கினு வந்தேன்."

அவளை ஆட்டோவில் ஏற்றிய அன்று நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு அதை எழுதவில்லை, எனக்கே நினைவில் இல்லை. எல்லாப் பிள்ளைகளிடமும்தான் ஏதேதோ சொன்னேன். இவள் மட்டும் அதை நம்பி ஒரு வருஷத்தை ஓட்டியிருக்கிறாள். "எப்போ தொறப்பீங்க?" என்று கேட்டாள். இரண்டு கையையும் நீட்டித் தோலை வாங்கிக்கொண்டேன். அவளுக்காக துஆ செய்தேன். அவள் சிரித்துவிட்டு, தேடுவார்கள் என்று சொல்லி வேகமாக நடந்து போய்விட்டாள்.

தோலை பஸ்ஸில் வேலூருக்குக் கொண்டு வந்தேன். அறையில் கட்டிலுக்கு அடியில் விரித்து வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் இரண்டு நாளாக ஏதோ நாற்றம் வருகிறது என்கிறார். புதைக்க எனக்குக் கை வரவில்லை. பெரியமேட்டில் எல்லோரையும் உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு தோல்தான் அண்ணா, நன்றாக உப்பிட்ட தோல். வாங்க யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

இரம்